அச்சும் கத்தியும்

கிறித்து பிறப்புக் காலம் முடிந்து குடிலைப் பிரிக்கும் நாளில்தான், அதில் வைத்திருந்த சுரூபங்களை நாம் உண்மையில் பார்க்கிறோம். பீடத்தின் அருகே விளக்கொளியில் இருக்கும்வரை அவை வணக்கத்திற்குரியவை. கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க யாருக்கும் மனம் துணிவதில்லை. வைக்கோலில் சுற்றிப் பெட்டியில் அடுக்கும்போது அந்தத் தயக்கம் நீங்கிவிடுகிறது. சென்ற முறை நம் ஆலயத்தில் அவ்வாறு அடுக்குகையில், இடையர் ஒருவர் கைதவறி விழுந்து இரண்டாக உடைந்தார். முட்டையோட்டைவிடச் சற்றே தடித்த வெண்சுவர். அதற்குள் வெறும் இருள். அருகில் நின்ற மறைக்கல்விச் சிறுவன் எட்டிப் பார்த்து, "உள்ள ஒண்ணுமே இல்ல சாமி" என்றான்.

கதையைத் திறனாய்கிறோம், கவிதையைத் திறனாய்கிறோம், ஆலயப் பாடலின் இசை சரியில்லை என்றால் திருப்பலி முடிந்ததும் படிக்கட்டிலேயே அதைப் பேசிவிடுகிறோம். சுரூபத்தை மட்டும் நாம் திறனாய்வதில்லை. வணங்குவதைக் குறை கூறலாமோ என்னும் அச்சம் நம்மைத் தடுக்கிறது. 787ஆம் ஆண்டின் இரண்டாம் நிசேயா சங்கம் இந்த அச்சத்தை என்றோ தீர்த்து வைத்துவிட்டது. உருவத்திற்குச் செலுத்தும் வணக்கம் அவ்வுருவம் குறிக்கும் ஆளைச் சென்றடைகிறது என்பது அதன் போதனை. ஆகவே மண்ணையும் மெருகையும் குறை கூறுவதால் அன்னை மரியாவுக்கு இழுக்கு ஏதும் நேர்ந்துவிடாது. வணக்கம் உருவத்தைக் கடந்து சென்றுவிடுகிறது, ஆதலால் வேலை எப்படியிருந்தாலும் போதும் என்று எண்ணிவிட்டதுதான் நம்மிடையே நேர்ந்த பிழை.

ஒரு சுரூபத்தைப் பற்றி நம் மக்கள் சொல்லும் புகழுரைகளைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வந்திருக்கிறோம். 'எவ்வளவு வெள்ளை!' என்பது முதலாவது. 'எவ்வளவு பளபளப்பு!' என்பது இரண்டாவது. 'இதில் இமை எவ்வளவு நன்றாக வெட்டப்பட்டிருக்கிறது' என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை. அச்சிறுப்பாக்கத்தில் மழைமலை மாதாவைக் காணச் சென்று திரும்பும் குடும்பத்தின் கையிலும், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் மகனின் பெட்டியிலும், நம் வீட்டுக் கண்ணாடி அலமாரியிலும் இருக்கும் வெண்சுரூபம் இவ்விரு புகழுரைகளுக்காகவே வாங்கப்பட்டது. வெண்மை மண்ணின் குணம். பளபளப்பு நெருப்பின் குணம். மனிதன் அதில் செய்தது என்ன என்று நாம் கேட்கவேயில்லை.

விடை தேட வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. மதுராந்தகம் வழியாகத் தெற்கே செல்லும் இருப்புப்பாதையில் விழுப்புரத்தைக் கடந்து சென்றால் விருத்தாசலம் வருகிறது. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனம் அங்கே உண்டு. அகல்விளக்கு, கொலுப் பொம்மை, குடில் பொம்மை என்று செய்யும் சிறுசிறு தொழிற்கூடங்களும் உண்டு. ஒளி ஊடுருவும் தூய பீங்கான், அதைவிடக் குறைந்த சூட்டில் வெந்த வெண்களிமண் ஆகிய இரண்டையும் நம் மக்கள் பீங்கான் என்றே அழைக்கின்றனர். நாமும் அவ்வழக்கையே இங்குப் பின்பற்றுகிறோம். இந்தப் பெயரும் கடல் கடந்ததுதான். மலாய் மொழியில் இன்றும் உண்ணும் தட்டுக்குப் 'பிங்கான்' என்று பெயர்.

அங்கே ஒரு கூடத்தில் அரைநாள் அமர்ந்து வேலையைப் பார்த்தோம். வெண்களிமண்ணை நீரில் கரைத்துக் கஞ்சிப் பதத்தில் வைத்திருக்கிறார்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் செய்த, இரண்டு மூன்று துண்டுகளாகப் பிரியும் அச்சுக்குள் அதை ஊற்றுகிறார்கள். அச்சு, தன்னைத் தொடும் கூழிலிருந்து நீரை உறிஞ்சுகிறது. சுவரையொட்டி ஒரு தோல் படிகிறது. வேண்டிய தடிப்பு வந்ததும் அச்சைக் கவிழ்த்து மிச்சக் கூழை வெளியே கொட்டிவிடுகிறார்கள். நம் இடையரின் வயிற்றில் சிறுவன் கண்ட வெறுமை இவ்வாறு உண்டானதே. சற்று இறுகியபின் அச்சைப் பிரித்தால் உருவம் நிற்கிறது; இரு விலாவிலும் தலையுச்சியிலும் அச்சுத் துண்டுகள் கூடிய இடம் மட்டும் ஒரு தழும்பாக ஓடுகிறது.

இதன்பின் நடப்பதைத்தான் நம் வாசகர்கள் அறியவேண்டும் என விரும்புகிறோம். உருவம் ஒரு பெண்ணின் மடிக்கு வருகிறது. அவர் கையில் ஒரு சிறு கத்தி, பக்கத்தில் நீர்க்கிண்ணம், ஒரு பஞ்சு. முதலில் தழும்பைச் சீவி எடுக்கிறார். பிறகு கத்தியின் முனையால் இமைக்கோட்டை மறுபடி கீறுகிறார். உதடுகளுக்கிடையே ஒரு கீறல்; விரல்களுக்கிடையே மூன்று நான்கு கீறல்கள்; முக்காட்டின் மடிப்புக்குள் கத்தியை நுழைத்து அதன் அடிவரை தோண்டிவிடுகிறார். அச்சு எல்லாவற்றையும் தந்துவிடும் என்றே அதுவரை எண்ணியிருந்தோம். அச்சு தேயும் என்பதை அங்கேதான் அறிந்தோம். ஒவ்வொரு வார்ப்பிலும் அதன் கூர்மை சிறிது கரைகிறது. சில பத்து வார்ப்புகளுக்குப் பின் மூக்கு மழுங்கும், இமை மறையும், விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அச்சு மறந்ததைக் கத்தி நினைவூட்ட வேண்டும். கத்தி வராவிட்டால், மழுங்கிய முகத்தின்மேல் மெருகு பூசப்பட்டு, சூளையில் அது உருகி, எஞ்சியிருந்த சிறு பள்ளங்களையும் நிரப்பிவிடும். உங்கள் வீட்டு மாதா சுரூபத்தைச் சன்னலருகே கொண்டுபோய்ப் பாருங்கள். வண்ணத்தால் எழுதிய கண்ணை மறந்துவிட்டு, அதன் கீழே மண்ணில் கண் இருக்கிறதா என்று விரல்நுனியால் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் இராது.

அச்சைப் பழிப்பது நம் நோக்கமன்று. கைவினை பற்றிப் பேசுவோர் பலர் அச்சைக் கண்டதும் முகம் சுளிக்கின்றனர். அதில் நமக்கு உடன்பாடில்லை. ஓலைக்கூரை வீட்டிலும் ஒரு மாதா இருப்பதற்கு அச்சே காரணம். கல்லில் வடித்த சுரூபத்தை எத்தனை குடும்பங்கள் வாங்க இயலும்? மேலும், உலகம் போற்றும் பீங்கான் உருவங்களிற் பலவும் அச்சிலிருந்து வந்தவையே. அச்சிலிருந்து வந்தபின் கத்தி எவ்வளவு நேரம் அதனோடு இருந்தது என்பதுதான் நாம் கேட்க வேண்டியது.

கத்தியின் வேலை எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதை அறியச் சீனத்துக்குத்தான் போகவேண்டும். நம் ஊர்க் குயவர் சக்கரத்தில் ஏற்றும் மண்ணில் இரும்பு மிகுதி, சுட்டால் சிவக்கும். பீங்கான் மண்ணில் இரும்பு மிகக் குறைவு. ஏறத்தாழ 1300 பாகை வெப்பத்தில் சுட்டாலும் வெளுத்தே நிற்கும். 960 முதல் 1279 வரை ஆண்ட சோங் மரபினர் காலத்தில் இந்த வெண்மண்ணில் செதுக்குவது ஒரு பெருங்கலையாயிற்று. ஈரம் பாதி வற்றி, விரலால் அழுத்தினால் குழியாமலும் கத்திக்கு இணங்கியும் நிற்கும் பதம் ஒன்றுண்டு. அந்தப் பதத்திலேயே தாமரையும் அல்லியும் மீனும் கலத்தின் உடலில் வெட்டப்பட்டன. டிங் கலங்கள் எனப்படும் வடசீனத்து வெண்கலங்களில் வேறு வண்ணமே இல்லை. வெள்ளையின்மேல் வெள்ளை, இருப்பினும் தாமரை தெரிகிறது.

எப்படித் தெரிகிறது? தெற்கே ஜிங்டெஜென் நகரத்தார் கையாண்ட முறை இதனை நன்கு விளக்கும். இதழின் ஓரத்தில் கத்தியை நிமிர்த்திப் பிடித்து ஆழமாக வெட்டுவர். பிறகு கத்தியைச் சாய்த்து, ஆழத்திலிருந்து மெல்லச் சீவிக்கொண்டே மேற்பரப்புக்கு வருவர். ஆகவே ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் சரிவு. அதன்மேல் இலேசான நீலம் தோய்ந்த மெருகைப் பூசிச் சுட்டால், உருகிய மெருகு ஆழத்தில் மிகுதியாகத் தேங்கும். சரிவில் படிப்படியாக மெலியும். தேங்கிய இடம் நீலமாகவும் மெலிந்த இடம் வெண்மையாகவும் தெரிய, இதழ் வளைந்து நிற்பதுபோல் கண்ணுக்குத் தோன்றும். தூரிகை ஒரு கோடும் இழுக்கவில்லை. கத்தி பள்ளம் வைத்தது. நெருப்பு அதில் நிழலை ஊற்றியது. மேலோட்டமான வேலையை மூழ்கடிக்கும் அதே மெருகு, ஆழமான வேலையைத் துலக்கிக் காட்டுகிறது என்பதை எண்ணிப் பார்க்கையில் நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

நம் மாமல்லபுரத்துச் சிற்பியோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கிழக்கு நோக்கிய பெரும்பாறையில் அருச்சுனன் தவம் என்று வழங்கும் சிற்பத்தொகுதியைக் காலை ஒளியில் கண்டவர்கள், நிழலைக் கொண்டே அங்கு எல்லாம் பேசப்படுகிறது என்பதை அறிவர். அச்சிற்பிக்கு ஒளி கதிரவனிடமிருந்து வருகிறது. அது நாள்தோறும் வரும், அவர் அதை நம்பலாம். தாம் வெட்டியது வெட்டியபடியே நிற்கும் என்பதும் அவருக்குத் தெரியும். பீங்கானில் செதுக்குபவருக்கு இந்த உறுதி கிடையாது. அவர் செதுக்கிய உருவம் சூளையிலிருந்து வெளிவரும்போது நீளத்தில் எட்டில் ஒரு பங்கோ ஆறில் ஒரு பங்கோ சுருங்கியிருக்கும். உச்சச் சூட்டில் மண் இளகி, நீட்டிய கை தன் எடையாலேயே தொங்கும். ஆதலால் கையைச் சற்று உயர்த்தியே செதுக்க வேண்டும். நெருப்பு அதைத் தாழ்த்திச் சரிசெய்யும். மாமல்லையில் 1957இல் தொடங்கப்பட்ட சிற்பக் கல்லூரி இன்றளவும் மாணவர்களுக்கு உளி பிடிக்கக் கற்பிக்கிறது. அவ்வூர்க் கற்சிற்பங்கள் 2017இல் புவிசார் குறியீடும் பெற்றன. நாம் அங்கே ஒரு முதிய சிற்பியிடம் பீங்கான் வேலையைப் பற்றிச் சொன்னோம். அவர் சற்று நேரம் கேட்டுவிட்டு, "கடைசி உளி நெருப்புகிட்ட இருக்குன்னு சொல்லுங்க" என்றார். இதைவிடச் சுருக்கமாக நம்மால் கூற இயலாது.

இனி, அன்னை மரியாவிடம் வருவோம். சீனத்தின் பியூஜியன் மாநிலத்தில் தேஹுவா என்னும் ஊர் இருக்கிறது. பாலாடை நிறத்து வெண்பீங்கானுக்கு அது புகழ்பெற்றது. ஐரோப்பியர் அதனைச் 'சீன வெண்மை' என்றே அழைத்தனர். மிங் மரபினர் ஆட்சியின் பிற்பகுதியில் ஹே சாவ்சோங் என்னும் கலைஞர் அங்கே வாழ்ந்தார். இரக்கத்தின் வடிவமாகப் பௌத்தர் வணங்கும் குவான்யின் உருவங்களில் அவர் பெயர் முத்திரை முதுகில் பதிந்திருக்கும். கைவினைஞர் பெயரே தெரியாத உலகில் இது அரிய செய்தி. இவ்வகை உருவங்களின் உடல் அச்சில் அழுத்தி எடுக்கப்பட்டது. முகமும் விரல்களும் ஆடை மடிப்பின் விளிம்புகளும் கையால் திருத்தப்பட்டன. உருவத்தைக் கவிழ்த்து அடிப்பகுதிக்குள் நோக்கினால், மண்ணை அச்சுக்குள் அழுத்தியவரின் விரல் தடங்களைக் காணலாம். வெளியே தெய்வ அமைதி. உள்ளே ஒரு தொழிலாளியின் பெருவிரல். நம் உடைந்த இடையரின் உள்ளே அதுகூட இல்லை.

குவான்யின் மடியில் குழந்தையோடு அமர்ந்திருக்கும் வடிவமும் தேஹுவாவில் மிகுதியாகச் செய்யப்பட்டது. ஐரோப்பிய வணிகர் கேட்டபோது மரியன்னையையும் அவர்கள் செய்து கொடுத்தனர். இரு உருவங்களுக்கும் முகம் உடன்பிறந்தார் முகம்போல் இருக்கும். இந்த ஒற்றுமைக்குச் சப்பானில் பெரும்பயன் விளைந்தது. 1614இல் அந்நாடு முழுவதும் கிறித்தவம் தடைசெய்யப்பட்டது. சுரூபம் வைத்திருப்பது சாவுக்கு வழி. நாகசாகிப் பகுதியில் மறைந்து வாழ்ந்த நம் மக்கள், சீனத்திலிருந்து வந்த குழந்தை ஏந்திய குவான்யினை வீட்டில் வைத்து, அதன்முன் மரியாவிடம் வேண்டினர். சோதனைக்கு வருவோர்க்கு அது பௌத்த உருவம். வேண்டுவோர்க்கு அது அன்னை. மரியா கன்னோன் என்று பின்னர் பெயர்பெற்ற அவ்வுருவங்களுள், அதிகாரிகள் பறிமுதல் செய்தவை சில டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இன்று உள்ளன. குருக்கள் இல்லாமலே ஏழு தலைமுறைகளைப்போல் கடந்து, 1865 மார்ச் 17 அன்று நாகசாகியின் ஊரா ஆலயத்திற்கு வந்த அம்மக்கள், அருட்பணியாளர் பெத்தித்ஜானிடம் முதலில் கேட்டவற்றுள் ஒன்று, சாந்தா மரியாவின் சுரூபம் எங்கே என்பதாகும்.

இந்நிகழ்ச்சியை மறையுரைகளில் பலமுறை கூறியிருக்கிறோம். நம்பிக்கையின் உறுதிக்கு எடுத்துக்காட்டாகவே கூறினோம். அந்தச் சுரூபத்தைச் செதுக்கியவரைப் பற்றி ஒருமுறையேனும் கூறியதில்லை. அவர் கிறித்தவரல்லர், தம் உருவம் யாருடைய சிறைத்தண்டனைக்குச் சான்றாகப் போகிறது என்பதையும் அறிந்திரார். இருந்தும், குழந்தையைத் தாங்கும் அந்தக் கையை அவர் அவ்வளவு பரிவோடு வெட்டியிராவிட்டால், கடல் கடந்த ஓர் ஊரில் தண்டனைக்கு அஞ்சிய ஒரு தாய் அதில் மரியாவைக் கண்டிருப்பாளா? கண்டிருப்பாள் என்றே இறையியல் விடை சொல்லும். அருள் கைவேலையைச் சார்ந்ததன்று. ஆயினும் அந்த விடையோடு நம் மனம் அமைதியடைய மறுக்கிறது.

பீங்கான் தொழிலைக் கண்ணால் கண்டு எழுதிய குருவானவர் ஒருவர் உண்டு. இயேசு சபையைச் சேர்ந்த பிரான்சுவா சவியே தாந்திரகோல் என்பார் 1712இலும் 1722இலும் ஜிங்டெஜென் பற்றி இரண்டு நீண்ட மடல்களை எழுதினார். மறைபரப்பு நாடுகளிலிருந்து சென்ற இத்தகைய மடல்கள் பிரான்சில் தொகுதிகளாக வெளிவந்தன. பீங்கானின் இருவகை மண், அவற்றை அரைத்தல், வார்த்தல், செதுக்குதல், மெருகிடுதல், சூளை அடுக்குதல் என்று அனைத்தையும் அவர் விவரிக்கிறார். ஒரு கலம் எழுபது பேர் கைகளைக் கடந்தே முடிவடைகிறது என்கிறார். குழந்தை ஏந்திய குவான்யினையும், மகப்பேறு வேண்டும் பெண்கள் அதை நாடுவதையும் குறிப்பிடுகிறார். பார்வையற்றோரும் கால் இழந்தோரும்கூட வண்ணம் அரைத்துப் பிழைக்கும் ஊர் அது என்று சொல்லும் இடத்தில் மட்டும் அவருடைய எழுத்தில் மேய்ப்பரின் குரல் கேட்கிறது. சூளையைத் தவிர அந்நகரில் உயிர்வாழ வேறு வழியில்லாத ஏழைகளிடையே அவர் ஆலயம் எழுப்பியிருந்தார். அத்தொழில் செய்த கிறித்தவர்களே அவருக்குப் பல செய்திகளைக் கூறினர்.

அம்மடல்களைப் பற்றிய நம் மதிப்பீடு இருவகைப்பட்டது. எழுத்தாக அவை மிகச் சிறந்தவை. கவனமாகப் பார்ப்பதும் ஒரு செபம் என்று சொல்லத்தக்க அளவுக்கு அவர் பார்க்கிறார். மறுபுறம், தம் மந்தையின் ஆடுகளே தம்மை நம்பிச் சொன்ன தொழில் நுட்பத்தை அவர் யாருக்காக எழுதினார்? ஐரோப்பாவில் பீங்கான் செய்ய முனைந்தவர்கள் அவற்றை ஊன்றிப் படித்தனர். வெண்களிமண் எத்தகையது என்பதை ஜிங்டெஜென் வழியே அறிந்து தேடியவர்கள், 1768இல் பிரான்சில் லிமோஷ் நகருக்கு அருகில் அதைக் கண்டெடுத்தனர். தாந்திரகோல் பிறந்ததும் லிமோஷில்தான்! நம் சோழமண்டலக் கடற்கரையிலும் இதே நிகழ்ந்தது. புதுச்சேரி மறைபரப்பில் இருந்த கெர்தூ அடிகளார் 1742இல், துணியில் ஓவியம் தீட்டிச் சாயமேற்றும் நம்மவர் தொழிலை, அதை அறிந்த கிறித்தவர்களிடம் கேட்டு விரிவாக எழுதி அனுப்பினார். இவர்கள் தீய எண்ணத்தோடு எழுதினர் என்று நாம் கூறவில்லை. அறிவு பரவுவது நன்று என்று உளமார நம்பியிருப்பர். ஆனால் மடலைப் படித்து மூடியபின் நம்மிடம் தங்குவது மண்ணின் பெயர், மெருகின் அளவு, சூளையின் அமைப்பு. செதுக்கிய ஒருவருடைய பெயரும் தங்கவில்லை. நுட்பம் கடல் கடந்தது. ஆள் அங்கேயே நின்றுவிட்டார்.

சீராக்கின் ஞானநூலின் 38ஆம் அதிகாரம் இவர்களைவிட நன்றாகப் பார்க்கிறது என்பது நம் கருத்து. காலால் சக்கரத்தைச் சுழற்றி, மெருகிடுவதில் மனத்தைச் செலுத்தி, சூளையைத் துப்புரவாக்க விழித்திருக்கும் குயவரை அது காட்டுகிறது. இவர்களை யாரும் மன்றத்துக்கு அழைப்பதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறது. இவர்கள் இல்லாமல் நகரம் இல்லை என்பதையும் சொல்கிறது.

கத்தி மிகுந்தாலும் கேடுண்டு. இதையும் சொல்லிவிட வேண்டும். மெல்லிய சரிகைத் துணியைப் பீங்கான் கூழில் தோய்த்துப் பொம்மைக்கு உடுத்திச் சுட்டால், துணி எரிந்துபோய் அதன் வடிவில் பீங்கான் மட்டும் எஞ்சும். செருமானியப் பட்டறைகள் இவ்வாறு செய்த நடனமாதர் பொம்மைகளைக் கண்டு மகிழாதார் இல்லை. 1950களில் எசுப்பானியத்தில் தோன்றிய லாத்ரோ நிறுவனத்தின் உருவங்களில் இதழ் இதழாகக் கையால் செய்து ஒட்டிய பூக்களும் அத்தகையவை. திறமை மறுக்க முடியாதது. ஆனால் அவற்றுள் மாதாவும் உண்டு. அந்த மாதாவின்முன் நிற்கையில் பூக்கூடையையே எண்ணுகிறோம், மாதாவை மறந்துவிடுகிறோம். 1963இல் வெளிவந்த திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, ஆலயக் கலையில் பகட்டைத் தவிர்த்து உயரிய அழகை நாடுமாறு ஆயர்களைக் கேட்டுக்கொண்டது. டிங் கலத்துத் தாமரை அவ்வழகுக்கு நெருங்கியது. பீங்கான் சரிகை அதற்குத் தொலைவிலுள்ளது. கத்தி எங்கே நிற்க வேண்டும் என்பதை அறிவதும் கத்தியின் வேலையே.

நிற்க. விருத்தாசலத்துக்கு நாம் சென்ற காரணத்தை இன்னும் சொல்லவில்லை. அரைநாள் அமர்ந்து வேலையைக் கண்டது இரண்டாம் முறை சென்றபோது. முதல்முறை சென்றது, நம் பங்கின் கிளைக் கிராமங்களுக்குக் குடில் சுரூபங்கள் வாங்க. பங்குப் பேரவையினர் இருவர் உடன் வந்தனர். நல்ல விலை பேசவேண்டும் என்பது எங்கள் தீர்மானம். பங்கின் பணம் ஏழைகளின் பணம் என்னும் நியாயமும் எங்களிடம் இருந்தது. விலையைக் குறைக்கக் குறைக்க, கூடத்தின் உரிமையாளர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இறுதியில், "குறைச்சுடலாம் சாமி. மண்ணுல குறைக்க முடியாது, விறகுல குறைக்க முடியாது. கத்தி வேலையில குறைச்சுக்கிறோம்" என்றார். அதன் பொருள் அப்போது நமக்கு விளங்கவில்லை. நன்றி கூறிவிட்டு, மிச்சம் பிடித்த தொகையை மகிழ்ச்சியோடு கணக்கில் எழுதினோம்.

அவ்வாண்டு வந்த சுரூபங்களின் விலாவில் தழும்பு அப்படியே இருந்தது. வண்ணம் அதை ஓரளவு மறைத்தது. இயேசு பாலனின் கண் மண்ணில் இல்லை. தூரிகையால் இரு கரும்புள்ளிகள் மட்டும் வைத்திருந்தனர். கிராமம் ஒன்றில் நள்ளிரவுத் திருப்பலி முடிந்து மக்கள் குடிலை வணங்கிச் செல்கையில், ஒரு சிறுமி அங்கேயே நின்று, "பாப்பா தூங்குதா, முழிச்சிருக்கா சாமி?" என்று கேட்டாள். அதற்கு நம்மிடம் விடை இல்லை. குனிந்து பார்த்தபின்தான், விறகிலும் மண்ணிலும் குறைக்க முடியாததை உரிமையாளர் எங்கே குறைத்தார் என்பது விளங்கிற்று. அவரைக் குறை சொல்ல வழியில்லை. அவர் சொல்லிவிட்டே செய்தார்.

கத்தி வேலைக்குக் கூலி குறைவு என்பதோடு முடிவதில்லை. உலர்ந்த உருவத்தைச் சீவுகையில் எழும் மண்தூளில் சிலிக்கா கலந்திருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அது உள்ளே சென்றால் நுரையீரல் தழும்பேறி இறுகும். கருங்கல்லை இயந்திரத்தால் அறுக்கும் மாமல்லைச் சிற்பிக்கும் இதே இடர்ப்பாடு உண்டு. ஈரத்தோடு சீவினால் தூள் எழாது. ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும். அவசரமாக, குறைந்த விலைக்கு, காய்ந்த மண்ணைத் தேய்த்துத் தள்ளும் வேலையே கேடு செய்வது. நாம் குறைத்த விலையில் அந்த நேரமும் அடங்கியிருந்தது என்பதை, மடியில் சுரூபத்தை வைத்து, பஞ்சை அடிக்கடி நனைத்து வேலை செய்த அப்பெண்ணைக் கண்டபோதுதான் உணர்ந்தோம்.

இரண்டாம் முறை சென்றபோது பெருந்தொகுதி எதுவும் கேட்கவில்லை. அந்தக் கிராமத்துக்கு ஓர் இயேசு பாலன் மட்டும். கத்தி வேலை குறையாமல். விலை அவர்கள் சொன்னபடி. உரிமையாளர் வியந்து பார்த்தாரே தவிர ஒன்றும் கூறவில்லை. அச்சிலிருந்து எடுத்த உருவத்தை அப்பெண் மடியில் கிடத்தினார். தழும்புகளைச் சீவினார். மூடிய பிடிபோல் ஒட்டியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். முகத்துக்கு வந்ததும் கத்தியை நிறுத்தி, நம்மை நிமிர்ந்து பார்த்தார்.

"கண்ணு திறந்திருக்கணுமா சாமி, மூடியிருக்கணுமா?"

குருமடத்தில் நிசேயாவும் திரெந்தும் படித்தோம். இக்கேள்வியை யாரும் கேட்டதில்லை. சிறுமியின் கேள்வியும் நினைவுக்கு வந்தது. பெத்லகேமில் அவ்விரவு குழந்தை உறங்கிற்றா என்று லூக்காவும் எழுதவில்லை. நாம் எண்ணிக்கொண்டே நிற்க, அவர் இரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர் என்று பின்னர் அறிந்தோம், "பால் குடிச்சிட்டுத் தூக்கம் வர்ற நேரம் பாதிக் கண்ணு திறந்திருக்கும் சாமி, அப்படி வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கத்தியை நீரில் தோய்த்தார்.